பட்டியலில் இல்லாத கடை

சட்டையப் பாத்துட்டு கம்பெனி ஆளுன்னு நெனச்சுக்காதீங்க சார். சட்டைதான் அவங்களுது. வேலை நான் இருவத்தி மூணு வருசமாச் செய்யறதுங்க.

இல்லீங்க, இப்ப வண்டிய எடுக்கக் கூடாது. கண்ணாடிய ஒட்டற சீலண்ட் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகோணும். அவசரப்பட்டு எடுத்தீங்கன்னா எங்காச்சும் பிரேக் அடிக்கறப்பக் கண்ணாடி அசைஞ்சிரும். முன்னெல்லாம் நான் இருவது நிமிசத்துல வண்டிய விட்டுருவேன். ஒண்ணும் ஆனதில்லீங்க. ரெண்டு மூணு வண்டில தண்ணி எறங்குச்சு, அது ரப்பரோட கோளாறு. இங்க அப்படி விடறதுக்கில்லை. கூடவே இருந்து, மணி ஆனதும் போட்டோ எடுத்து அனுப்போணும். வேலை இருந்தா நீங்க மேல வீட்டுக்குப் போங்க சார், முடிஞ்சதும் கூப்புடறேன். இல்லீனா அந்தப் பைக்கு மேல சித்த உக்காருங்க. பேச ஆளிருந்தா எனக்கும் நல்லதுதான்.

பெருந்துறை தெரியுமுங்களா? பைபாஸ்ல, எடது கைப் பக்கம் இருந்துச்சு என்ற கடை. சென்னியாண்டவர் ஆட்டோ கிளாஸ். என்ற பேரு சென்னியப்பன். அந்த ரோட்டுல ஜல்லி லாரி போகாத நாளே கெடையாது. டயர்ல இருந்து ஒரு கல்லு தெறிச்சாப் போதும், பின்னாடி வர்ற காரு கண்ணாடில நட்சத்திரம் விழுந்துரும். சின்னதா இருந்தா பிசின் ஊத்தி விரிசல் அதுக்கு மேல ஓடாம நிறுத்திருவேன். பெருசாப் போயிருந்தா கம்பி விட்டு அறுத்து எடுத்துட்டுப் புதுசு. சங்ககிரில இருந்தெல்லாம் என்னையக் கேட்டு வந்திருக்காங்க சார். பொய் சொல்லல.

மொதல்ல வழக்கம் என்னன்னா, கண்ணாடி ஒடஞ்சவரு நேரா என்கிட்ட வருவாரு. நான் இன்சூரன்ஸ்காரங்களுக்குச் சொல்லுவேன். சர்வேயர் ஒருத்தரு வந்து பாத்து கையெழுத்துப் போடுவாரு, டீ குடிப்பாரு, போயிருவாரு. நான் மாத்திக் குடுப்பேன். அப்பறம் அந்த வழக்கத்த மாத்திட்டாங்க. வண்டிக்காரரு மொதல்ல இலவச நம்பருக்குப் போன் போடோணும். அவங்க ஒரு பட்டியல் வெச்சிருப்பாங்க. பட்டியல்ல இருக்கற எடத்துக்குப் போகச் சொல்லுவாங்க.

என்ற கடையையும் சேக்கறதுக்கு ஒரு ஆளு வந்தாருங்க. இல்லேன்னு சொல்லல. கழுத்துல அட்டை தொங்குது, கையில ஒரு விண்ணப்பப் பாரம். 'ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ எடுத்து அனுப்போணும், ஒரு மணி நேரம் வண்டிய நிறுத்தி வெக்கோணும், வருசத்துக்கு ஒருக்கா எங்காளு வந்து உங்க வேலையச் சோதிப்பாரு'ன்னாரு. 'என்ற வேலையச் சோதிக்கற அளவுக்கு உங்ககிட்ட ஆளு இருக்குதுங்களா?'ன்னு கேட்டேன். சிரிச்சுட்டுத்தான் கேட்டேன். அவரு பாரத்த டேபிள் மேல வெச்சுட்டுப் போயிட்டாரு. மைனாவதி அதை எடுத்துப் பத்தரமா டிராயர்ல வெச்சா. மைனாவதி என்ற சம்சாரம். நான்தான் ஒரு நாள் கையத் தொடைக்கத் துணி கெடைக்காம அதை எடுத்துக்கிட்டேன்.

அதுக்கப்பறம் பாத்தா, கடை வாசல்ல வந்து நிக்கற ஆளு, எல்லாம் பேசி முடிச்சு, சரி போடுங்கன்னு சொல்லி, கடைசியா அந்த நம்பருக்கு ஒரு போன் போடுவாரு. போன வெக்கறதுக்குள்ள முகம் மாறிரும். 'இல்லீங்க, அவங்க வேற எடம் சொல்றாங்க'ன்னு வண்டியத் திருப்பிக்குவாரு. ஒருத்தரு ரெண்டு பேரு இல்ல சார். வாரம் பூரா இதே கதை. என்னதான் சொல்லித் திருப்பறாங்கன்னு எனக்குத் தெரியல. கேட்டா யாரும் சரியாச் சொல்றதில்லை, எதோ ஒண்ணச் சொல்லி மழுப்பிருவாங்க.

இதுக்கு நடுவுல என்ற பொண்ணுக்கு வேலை கெடச்சுது. தாரணி. ஒரே பொண்ணுங்க. பி.காம் முடிச்சவ. இங்க கோயமுத்தூர்ல, இன்சூரன்ஸ் கம்பெனில, கிளைம் கேட்டு வர்ற போனை எடுக்கற வேலை. ஆமாங்க, அதே கம்பெனிதான். பேரு வேண்டாம். ஏ.சி. ரூமு, காதுல மாட்டிக்கற மைக்கு, போக வர வேனு. நான் கடைக்கு வர்ற அத்தனை பேர்கிட்டயும் சொன்னேன். உள்ளுக்குள்ள நமக்கும் ஒரு ஆளு இருக்குதுன்னு ஒரு தைரியம் வந்துருச்சு பாருங்க.

பொங்கலுக்கு வந்திருந்தா. சாப்புடறப்பச் சொல்றா, 'அப்பா, போன் பண்றவங்க சில பேரு உங்க கடைப் பேரச் சொல்றாங்கப்பா.'

'அப்படியா! நீ என்ன அம்முணி சொல்லுவ?'

'நான் ஒண்ணும் சொல்றதில்லீங்கப்பா. பக்கத்து சீட்டுப் பொண்ணுக்கு மாத்தி விட்டுருவேன்.'

எனக்கு வருத்தமாப் போச்சு. 'எதுக்கு மாத்தி விடற? எங்கப்பன் கடைதான், தாராளமாப் போங்கன்னு சொல்றதுக்கு வெக்கமா இருக்குதா?'ன்னு கேட்டேன். அவ எச்சக் கையோட எந்திரிச்சுப் போயிட்டா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை பொறுக்கறதில்லீங்க.

மாசி மாசம், ஒரு செவ்வாக்கெழம. கரூர்க்காரரு ஒருத்தரு வந்தாரு. ஜவுளி வியாபாரி, பெரிய காரு, வாங்கி ஆறு மாசம் ஆகியிருக்காது. டிரைவர் பக்கத்துல இருந்து கோடு கெளம்பி நடுமட்டும் ஓடிருச்சு. எடுத்துட்டுப் புதுசுதான் போடோணும்னு சொன்னேன். சரின்னாரு. 'கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன்'னு போன் போட்டாரு. பாலிசிக் காகிதத்த ரெண்டு கையில பிடிச்சுப் பாக்கோணும்னு, போன ஸ்பீக்கர்ல போட்டு பானட் மேல வெச்சாரு.

'வணக்கம். கிளைம் பிரிவிலிருந்து தாரணி பேசுகிறேன். உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?'

எங்க வீட்டுல யாரும் அப்படிப் பேசுனதில்லீங்க. ஆனா குரல் தெரியாதா? கையில இருந்த கத்தியக் கீழ வெச்சுட்டு பானட் பக்கம் வந்தேன்.

அவரு விசயத்தச் சொன்னாரு. எந்தக் கடைல நிக்கறீங்கன்னு கேட்டா. 'பெருந்துறைல, சென்னியாண்டவர் ஆட்டோ கிளாஸ்'னாரு.

'ஹலோ, லைன்ல இருக்கீங்களாம்மா?'

'இருக்கேன் சார். ஒரு நிமிடம் சார், வேறொருவருக்கு இணைக்க முயற்சி செய்கிறேன்.' டொய்ங் டொய்ங்னு ஒரு பாட்டு ஓடுச்சு. திரும்ப அவளே வந்துட்டா. யாரும் ஒழியல போலிருக்குது. வந்து ஆரம்பிச்சா பாருங்க. 'சார், நீங்கள் குறிப்பிடும் பணிமனை எங்கள் பட்டியலில் இல்லை. அங்கே செய்யப்படும் வேலைக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. உங்கள் கிளைம் தாமதமாகலாம், மறுக்கப்படவும் வாய்ப்புண்டு. உங்கள் பாதுகாப்பு கருதி, எங்கள் அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு இணைக்கட்டுமா?'

இதைத்தான் சார் அத்தனை நாளும் சொல்லிட்டிருந்திருக்காங்க! பாதுகாப்பு கருதி! என்னால பொறுக்க முடியல. பானட் மேல குனிஞ்சு, 'அம்முணி, நான் அப்பா பேசறேன். அப்பன் போடற கண்ணாடிக்குப் பாதுகாப்பு இல்லியா? சொல்லு அவருகிட்ட!'ன்னு சத்தம் போட்டேன்.

அவ என்ன சொன்னா தெரியுங்களா? 'மன்னிக்கவும் சார், நீங்கள் பேசுவது தெளிவாகக் கேட்கவில்லை.' பெத்த அப்பனச் சாருங்கறா. கேக்கலையாம்.

கரூர்க்காரரு என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, ஸ்பீக்கர அமத்தி, போனக் காதுல வெச்சுக்கிட்டு எளநிக் கடைப் பக்கம் நடந்தாரு. ஒரு அஞ்சாறு நிமிசம் பேசியிருப்பாரு. அவ்வளவுதான், இதுவும் போச்சுன்னு நெனச்சேன். திரும்பி வந்து, 'நீங்களே போடுங்க'ன்னாரு. பாத்தீங்களா! வேலை தெரிஞ்சவன் முகத்தப் பாத்தாத் தெரிஞ்சிரும் சார், விவரமான ஆளுக்கு. போட்டுக் குடுத்தேன். 'இருவது நிமிசத்துல எடுத்துக்கலாமுங்க'ன்னு நான் சொல்றேன், அவரு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் எடுப்பேன்னு உக்காந்துட்டாரு. என்ற பேச்சு அவருக்குப் பிடிச்சுப் போச்சு போல.

அந்த ஞாயித்துக்கெழம தாரணி வந்தா. வந்ததும் சண்டை போடுவான்னு பாத்தேன். போடல. என்ற பக்கத்துல வந்து உக்காந்தா. 'அப்பா, அது எழுதிக் குடுத்ததுங்கப்பா. நாங்க படிக்கறதுதான். அதை விட்டுருங்க. நீங்க குறுக்க பேசுனதயே யாரும் கேக்காம இருக்கோணும்னு நான் பயந்துட்டிருக்கேன்.'

'யாரு கேக்கப் போறாங்க?'

'எல்லாம் பதிவாகுங்கப்பா. எதையாச்சும் ஒண்ண எடுத்துக் கேட்டுப் பாப்பாங்க. யாராச்சும் புகார் குடுத்தாக் கண்டிப்பாக் கேப்பாங்க. நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்தாப் போதும்.'

சரின்னேன். அப்ப நான் சரின்னுதான் சொன்னேன்.

எங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்குதுங்க, முப்பத்தெட்டுக் கடை. குருநாதன்னு தலைவரு. பங்குனில கூட்டம் போட்டாங்க. எல்லாருக்கும் இதே பாடுதான், ஒருத்தரு கடைய வாடகைக்கு விட்டுட்டு மகன் வீட்டுக்குப் போறேன்னு எந்திரிச்சு அழுதாரு. குருநாதன் சொன்னாரு, 'நம்மகிட்ட அத்தாட்சி இல்லை. ஒரே ஒரு போன், இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன நம்பர்ல இருந்து வந்துச்சு, இப்படித் திருப்புனாங்கன்னு கெடச்சாப் போதும், கம்பெனி மேல புகார் குடுத்து உலுக்கிரலாம்'னாரு.

முப்பத்தெட்டுப் பேர்ல யார்கிட்டயும் இல்லை சார். என்கிட்ட இருந்துச்சு. கரூர்க்காரரு நம்பர் பில் புத்தகத்துல இருக்குது. தேதி இருக்குது. நேரம் பதினொண்ணு இருவது, கடைல கடிகாரத்தப் பாத்தது நல்லா ஞாபகம் இருக்குது.

மைனாவதிகிட்டச் சொன்னேன். 'அது உங்க மக பேசுன போனுங்க'ன்னா. நான் மக பேர எழுதறேன்னு சொன்னனா? தேதியும் நேரமும்தானே எழுதறேன். கம்பெனி மேலதானே புகாரு. படிக்கறவ மேல யாராச்சும் கோவிப்பாங்களா, எழுதிக் குடுத்தவன்தானே குத்தவாளி. இதை மைனாவதிக்கு எடுத்துச் சொன்னேன். அவ அடுப்புல வெச்சதப் பாக்கறேன்னு போயிட்டா. ஒத்துக்கிட்டான்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.

தேதி, நேரம், நம்பர் எல்லாம் எழுதிப் புகார்ல கையெழுத்துப் போட்டேன். தாரணி பேரு எங்கயும் இல்லீங்க. வேணும்னா காப்பி இருக்குது, காட்டறேன்.

ஒரு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு. போன்ல போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், இருங்க. இந்தாங்க, படிச்சுப் பாருங்க. 'தாங்கள் குறிப்பிட்ட அழைப்பின் பதிவைக் கேட்டறிந்தோம். எங்கள் ஊழியர், வரையறுக்கப்பட்ட உரையை மீறிப் பேசியிருப்பது உறுதியாகிறது. அவர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. பழுதுபார்க்கும் இடத்தைத் தேர்வு செய்யும் உரிமை வாடிக்கையாளருடையது என்பதே எங்கள் நிறுவனத்தின் கொள்கை.' பாத்தீங்களா? உறுதியாகிறதுன்னு போட்டிருக்காங்க. அவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு கண்ணாடிக்காரன்கிட்ட எழுத்துல ஒத்துக்கிச்சு.

சங்கத்துல பொன்னாடை போத்துனாங்க. குருநாதன் அந்தக் கடுதாசிய மைக்குல ரெண்டு தடவ படிச்சாரு. மைனாவதிய வரச் சொல்லியிருந்தேன், வரல. வீட்டுக்குப் போனாக் கதவு பூட்டிருக்குது. மைனாவதிக்குப் போன் அடிச்சேன். தாரணிக்கு வேலை போயிருச்சு, ஹாஸ்டலக் காலி பண்ணிட்டா, ரெண்டு பேரும் திருப்பூர்ல என்ற மச்சான் வீட்டுல இருக்கறோம்னு சொன்னா. சொல்லிட்டுப் போன வெச்சுட்டா. நான்தான் பொன்னாடையோட வாசப்படில நின்னு 'ஹலோ, ஹலோ'ன்னுட்டிருந்தேன்.

என்னையப் பழி வாங்கறதுக்குப் புள்ளைய வேலைய விட்டு எடுத்துட்டாங்க சார். வேற என்ன?

கடுதாசி வந்து என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஒண்ணும் ஆகல. அந்த நம்பருக்குப் போன் போட்டா, இப்ப அதே விசயத்த வேற வார்த்தைல சொல்றாங்க. 'உரிமை உங்களுடையது, ஆனால்'னு ஆரம்பிக்கறாங்க. வாரத்துக்கு ஒரு வண்டி, அப்பறம் அதுவும் இல்லை. லாரி மட்டும் வந்துச்சு, அதுல இன்சூரன்ஸ் பேச்சு கெடையாது, ஆனா அதை வெச்சு எப்படி ஓட்டறது.

வைகாசில திருப்பூர் போனேன். தாரணி பனியன் கம்பெனில செக்கிங் செக்சன்ல நிக்கறா. நாளெல்லாம் நின்னுட்டே பாக்கோணும். மத்தியானம் மணியடிச்சதும் கேட்டுக்கு வந்தா. இளைச்சுட்டா. எதுத்தாப்புல டீக் கடைல அவளே ரெண்டு டீ வாங்கிட்டு வந்து ஒண்ண என் கையில குடுத்தா.

'உன்னைய எடுத்துட்டாங்கன்னு விடக் கூடாது அம்முணி, குருநாதன்கிட்டச் சொல்லி அதுக்கும் ஒரு புகார்...'

'அப்பா.' என்ற பேச்ச மறிச்சா. 'அந்தக் கரூர்க்காரரு ஏன் உங்ககிட்டயே கண்ணாடி போட்டாருன்னு தெரியுங்களா?'

'ஏன், என்ற வேலையப் பாத்து.'

'அவரு ஸ்பீக்கர அமத்துனதுக்கப்பறம் நான் சொன்னேங்கப்பா. சார், இது உங்க முடிவுதான், அங்கயே போடுங்க, பில்லும் போட்டோவும் அனுப்புனா கிளைம் வரும், யாரும் மறுக்க முடியாது. அவரு நல்லாப் போடுவாரு. ஒரு மணி நேரம் மட்டும் வண்டிய எடுக்காம இருங்கன்னு சொன்னேன். அதுக்குத்தான் என்னைய அனுப்புனாங்க. அவங்க எழுதிக் குடுத்ததப் படிச்சதுக்கு யாரயும் வெளில அனுப்ப மாட்டாங்க. நீங்க நேரம் எழுதிக் குடுத்தீங்கல்ல, எடுத்துக் கேட்டுட்டாங்க. நடுவுல நான் அப்பா பேசறேன்னு உங்க சத்தம் வேற இருக்குது.'

டீ ஆறிப் போச்சு. அவ கிளாஸ் ரெண்டையும் வாங்கிக் கொண்டு போய் வெச்சுட்டு, 'மணியடிச்சுருவாங்கப்பா'ன்னு உள்ள போயிட்டா. திரும்பிப் பாக்கல. லேட்டானா கேட்டப் பூட்டிருவாங்களாம், அதனால இருக்கும்.

அவ சொன்னத நான் அப்படியே நம்பிட்டேன்னு நெனைக்காதீங்க. புள்ளை மனசுல ஒரு கோவம், அப்பன் மேல தூக்கிப் போட்டாத்தான் ஆறும். அந்தக் கரூர்க்காரரு என்ற முகத்தப் பாத்துத்தான் நின்னாரு. நான் பாத்தனே. அவரு நம்பர் இன்னும் என்ற போன்லதான் இருக்குது சார். 'அன்னைக்கு அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்னங்க சொல்லுச்சு'ன்னு ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுது. ரெண்டு நிமிசம். நாலஞ்சு தடவ எடுத்துட்டேன், பேரு வரைக்கும் போயிட்டேன். அவரு வியாபாரி, ஆயிரம் சோலி இருக்கும், நாம எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு வெச்சுடறது.

ஆடில கடையக் காலி பண்ணிட்டேன். போர்டக் கழட்டறப்ப எடத்துக்காரரு கூட நின்னாரு, வேற யாருமில்லை. அப்பறம் இங்க சேந்துட்டேன். பட்டியல்ல இருக்கறவங்கதான், மெய்தாங்க. என்ற கடைக்கு வந்த வண்டிகள எங்க திருப்பி விட்டாங்களோ அந்த எடம்தான். வேற எங்க சார் போறது? இந்த வேலையத் தவர ஒண்ணும் தெரியாது. பத்து நாள் பயிற்சி குடுத்தாங்க. என்னைய விட இருவது வயசு சின்னவரு, கண்ணாடி எப்படிப் பிடிக்கோணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. கேட்டுக்கிட்டேன். நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாரு, சொல்லப் போனா.

மைனாவதி மாசம் ஒருக்கா பேசுவா. சாப்பாடு எங்கன்னு கேப்பா. தாரணி பக்கத்துல இருக்காளான்னு நான் கேட்டா, தூங்கறான்னு சொல்லுவா. பகல்ல கேட்டாலும் தூங்கறாம்பா.

சரி, மணியாச்சுங்க. இருங்க, போட்டோ எடுத்துக்கறேன். இந்தப் பக்கம் ஒண்ணு. முடிஞ்சுது. ரெண்டு நாளைக்குத் தண்ணியப் பீச்சிக் கழுவாதீங்க. கதவ ஓங்கிச் சாத்தாதீங்க. நிறுத்தி வெக்கறப்ப ஜன்னல ஒரு வெரல் அகலம் எறக்கி விட்டுருங்க, காத்து போகட்டும்.

அப்பறம் சார், சாயங்காலம் உங்களுக்கு ஒரு போன் வரும். ஒரு பொண்ணு பேசும். வேலை எப்படி, பத்துக்கு எத்தனை குடுப்பீங்கன்னு கேக்கும். உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும். நான் பேசுனதெல்லாம் அதுகிட்ட எடுக்காதீங்க. எந்த ஊரும்மா, சாப்புட்டியாம்மான்னு நல்ல மனசுல கூட ஒரு வார்த்தை கேட்டுராதீங்க சார். அதுவும் பதில் சொல்லிப்போடும், எல்லாம் பதிவாகிரும். எழுதிக் குடுத்ததப் படிச்சுட்டு, அது பாட்டுக்குப் போன வெச்சிரட்டும்.